இல்லை என்று சொல்லாத பெட்டி

வலது கை ரொட்டியில் இருக்க, இடது கையால் பிழைபிழையாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் தனுஜா. ஓர் எழுத்தை விழுங்குகிறாள், பாதிச் சொல்லில் நிறுத்துகிறாள், இரண்டு சொற்களை ஒட்டிப் போடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் கணினித் திரையில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு, பிடித்தால் தலையை ஆட்டுகிறாள். பிடிக்காவிட்டால் ஒரு "ம்க்கும்." இது என்ன கூத்து என்று கேட்டேன். "அலுத்துப் போன மனுசன் ஒழுங்கா டைப் பண்ணுவானா மாஸ்டர்? அவன் மாதிரியே அடிச்சுப் பார்த்தாத்தான் நமக்கு வெளங்கும்ங்க" என்றாள்.

ஹட்டன் நகரில், விதைக்கடைக்கு மேல்மாடியில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய மேசை. இந்தப் பக்கம் நான் வணிகக் கல்வி டியூஷன் நடத்தும் அறை. பலகை மெல்லியது. என்னுடைய ஐந்தொகைக் கணக்குப் பாடம் அவளுக்கும், அவளுடைய தொலைபேசிப் பேச்சு எனக்கும் மனப்பாடமாகிவிட்டன.

கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவள் பொறியியலாளர். மென்பொருள் எழுதுகிறவர்கள் இலட்சக்கணக்கான வரிகளை எழுதிக் குவித்துவிட்டு, எந்த வேலைக்கான வரி எங்கே கிடக்கிறது என்று பிறகு தேடி அலைவார்களாம். அவர்கள் தேடுவதற்கென்றே திரையில் ஒரு பெட்டியைச் செய்து விற்கிறது இந்த நிறுவனம். எதைக் கேட்டால் எது முதலில் வரவேண்டும் என்று தீர்மானிப்பது தனுஜா. மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா மீனம்மா இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "தொலஞ்சத தேடிக் குடுக்குற வேலைங்க."

அதை நம்பி, அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்த மாயாண்டி தன் கிடா காணாமல் போனபோது நேரே தனுஜாவிடம் வந்து நின்றார். ஆடு தேடுவது தன் வேலையல்ல என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனாள். கிடா கிடைக்கவில்லை, அட்டைக்கடிதான் மிச்சம்.

இடி என்றால் அவளுக்கு ஆகாது. முதல் முழக்கத்துக்கே இணையம் வரும் தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவாள். கொழும்பில் வெயில் எரித்துக்கொண்டிருக்கும், இங்கே இவள் பேச்சு பாதியில் அறுந்துவிடும். "கம்பிய விட்டா மெசினு கருகிரும்ங்க" என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

இரண்டு வருடம் அவளும் கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள்தான். யுத்த காலம், பொலிஸ் பதிவுத் துண்டைப் பையை விட்டு எடுக்க முடியாது. எங்கிருந்து வந்தாய், எதற்கு வந்தாய் என்ற கேள்வி கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். 2007இல் வேலையையும் கணினியையும் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள். நிறுவனம் அரைமனதோடு சம்மதித்தது. கொழும்புக்குத் திரும்பும் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் கறுத்துவிடும். "திரும்பிப் போன்னு சொன்னா, கூடைய எடுத்துக்கிட்டு அம்மாகூட கொழுந்துக்குப் போயிருவேன் மாஸ்டர்" என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதல்ல அது.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வழி கேட்டவரிடம் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரியாவிட்டாலும், ஏறத்தாழப் பொருத்தமான ஓர் இடத்தைக் கை காட்டி அனுப்பிவைப்பார்கள். தனுஜா அந்த மரியாதையை அப்படியே தன் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். தேடியது இல்லாவிட்டால், அதற்கு மிக நெருங்கிய ஒன்று முதல் விடையாக வந்து நிற்கும். இல்லை என்ற சொல்லே அந்தப் பெட்டியில் கிடையாது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

இந்த ஐப்பசியில் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. ஹோட்டல் அறைப் பதிவுகளைக் கவனிக்கும் ஒரு வாடிக்கை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், ஒத்திகைக்காகப் போட்ட பதிவுகளை அழிக்கும் கட்டளை எங்கே என்று தேடினார். அப்படி ஒன்றை யாரும் எழுதியிருக்கவில்லை. பெட்டி, உண்மையான பதிவுகளை அழிக்கும் கட்டளையைக் கை காட்டியது. அவர் நம்பி ஓட்டிவிட்டார். பிரதி இருந்ததால் எல்லாவற்றையும் அன்றே மீட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய கோபம் ஆறவில்லை.

கொழும்பில் தனுஜாவுக்கு மேலே இருக்கும் மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர். அன்று தொலைபேசியில் அவருடைய குரல் பலகையைத் தாண்டிக் கேட்டது.

"இல்லாததை இருக்குதெண்டு காட்டினா எப்பிடித் தனுஜா? இல்லையெண்டா இல்லையெண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டவங்கள வெறுங்கையோட எப்படிங்க அனுப்புறது?"

"அடுத்த கிழமை அந்தக் கம்பெனிக்காரர் வந்து பாக்கினம். அதுக்குள்ள திருத்தும். இல்லாட்டி நீர் இஞ்ச வந்து எங்களோட இருந்துதான் வேலை செய்யவேணுமெண்டு மேலிடம் சொல்லுது. என்னால தடுக்கேலாது."

அன்று பகல் அவள் எதையும் தட்டவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள். இடி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை போலும். கம்பியில் மின்னல் இறங்கி, இணையத்தோடு இணைக்கும் ரூட்டரைக் கருக்கிவிட்டது. நிறுவனத்துக்கென்று செய்த அந்த வகை ரூட்டர் ஹட்டன் கடைகளில் கிடைக்காது. மயூரதன் புதியதொன்றை ஒரு வான்காரரிடம் கொடுத்து, நிறுவனத்தில் பதிந்திருந்த தனுஜாவின் தோட்டத்து வீட்டு முகவரிக்கு அனுப்பினார். கொடுத்தாகிவிட்டது என்று வான்காரர் சொன்னார். வீட்டுக்கோ வந்து சேரவில்லை. கிழமை கரைந்துகொண்டிருந்தது. பிள்ளை பாதியாகிவிட்டாள்.

கடைசியில் விஷயம் வெளிவந்தது. பொதியின் மேலிருந்த நிறுவனப் பெயரைப் பார்த்த வான்காரர் தோட்டத்து வளைவில் நிறுத்தி, "கம்பியூட்டர் கம்பெனி எங்கங்க?" என்று கேட்டது மாயாண்டியிடம். அப்படி எதுவும் தோட்டத்தில் இல்லை என்பது மாயாண்டிக்குத் தெரியும். ஆனால் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் ஒரு கணினி இருக்கிறதே! அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார். கந்தோர் கிளார்க் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல மாமா?" என்று தனுஜா கேட்டிருக்கிறாள்.

"அதெப்படிம்மா? அம்புட்டுத் தூரம் வந்த மனுசன வெறுங்கையோடயா அனுப்புறது?"

இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் நிறுத்திக்கொண்டேன்.

ரூட்டரை மாட்டியதும், தடுப்புக்கு அப்பால் ஓயாத தட்டல். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நீங்கள் கேட்டது இங்கே இல்லை என்று உச்சியில் ஒரு வரி. அதன் கீழே ஒரு கோடு. கிட்டத்தட்டப் பொருந்துபவை எல்லாம் கோட்டுக்குக் கீழே.

"மொதல்ல இல்லன்னு சொல்லிரணும் மாஸ்டர். பொறகு கை காட்டிக்கலாம்" என்றாள். வாயில் ஏதோ கசப்பை வைத்துக்கொண்டு சொன்னது போலிருந்தது.

வாடிக்கையாளர் வந்து பார்த்த அன்று மாலை மயூரதன் அழைத்தார். "அவைக்குப் பிடிச்சுக்கொண்டுது. நீர் அங்கயே இரும்." தடுப்புக்கு அப்பால் நாற்காலி பின்னால் சரிகிற சத்தமும், நீண்ட ஒரு மூச்சும் கேட்டன. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அன்று பஸ் நிலையம்வரை சேர்ந்தே இறங்கினோம். தூறல். மஸ்கெலியா பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. கந்தப்பளையிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு பெரியவர், நனைந்த பையோடு தனுஜாவிடம் வந்தார். "பொன்னையான்னு, தச்சு வேல செய்றவரு. அவரு வீடு எந்தப் பக்கம்மா?"

அவள் கை மேட்டுத் தெருவை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அதை இறக்கி, குடைக் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தெரியாதுங்க."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் நடந்தார். தனுஜா ஒரு காலை பஸ் படியில் வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். காலை எடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, அவர் பின்னால் ஓடினாள்.