மீன்காரம்மா கூவுகிற மாதிரி

விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் தாண்டி இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வேலையை பஸ்ஸிலேயே முடித்துவிடுவேன். மடியில் எழுத்து அட்டைகளை வைத்துக்கொண்டு, யாருக்கு எதைக் காட்டலாம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். எனக்கும் வசதிதான்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் நான். பிள்ளைகளை ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, எழுத்தின் ஒலி தெரிகிறதா, ஒலிகளைச் சேர்த்துப் படிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் யாருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வேன். அந்த முடிவுகளைச் செல்போனிலும் ஏற்ற வேண்டும், சிக்னல் மனசு வைத்தால். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கண்ணெதிரே தெரியும். பொறுமை மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் கம்மி.

போன வருஷம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அதுவரை மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தவள். அம்மா பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்த் தெருக்களில் மீன் விற்பவர். சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். “கொஞ்ச நாளு பாப்பேன் டீச்சர். படிப்பு ஏறலன்னா திரும்ப எங்கக்கா வூட்டுக்கே அனுப்பிடுவேன். யாவாரத்தையும் பாத்துக்கினு இவளையும் வெச்சிக்கினு என்னால மாரடிக்க முடியாது.” மகள் அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். எங்கேயும் போக மாட்டேன் என்று அந்த விரலே சொன்னது.

எழுத்துகளில் அவள் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் அத்துப்படி. ‘மு’, ‘ய’, ‘ல்’ என்று கணீரென்று சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தில் எழுதியா இருக்கிறது? பிறகு துணிந்து, “யானை” என்பாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் மூச்சை நிறுத்துவாள். அந்த இடைவெளியில் முந்தின ஒலி காணாமல் போய்விடும். கை தட்டச் சொன்னேன், விரலை ஓட்டச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அட்டையை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது தெருவில் அவள் அம்மாவின் குரல் கேட்டது. “மீஈஈஈனேய்... நெத்திலீஈஈஈ...” இடையில் ஒரு மூச்சு விடவில்லை, தெருக்கோடி வரைக்கும் ஒரே இழுப்பு. இவள் உதடும் கூடவே அசைந்தது.

“இதையும் அம்மா மாதிரி கூவிப் படி, பாக்கலாம்” என்றேன்.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “முஊஊயஅஅல்ல்...” கண் பெரிசாகிவிட்டது. “முயலு! மிஸ், முயலு!” நான் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டியதில் அட்டையெல்லாம் கீழே.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? அவளைப் போலத் தடுக்குகிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்களே என்று மறுநாள் வகுப்பையே கூவிப் படிக்க வைத்தேன். கூரை பறக்கிற மாதிரி கூவினார்கள். திரும்பினால் வாசலில் அவள் அம்மா. மீன் கூடையை இறக்கி வைத்தார்.

“என்னா டீச்சர், தெருவுல பசங்க கிண்டல் பண்றது பத்தாதா? என்னிய மாதிரி கூவி நக்கலு பண்றதுக்கா எம் பொண்ண இங்க சேத்தேன்? வேணாம். நான் கூட்டிக்கினு போறேன்.”

மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. இப்போதுதான் திறந்துகொண்ட பிள்ளை.

“கிண்டல் இல்லம்மா, சத்தியமா. உங்கள மாதிரி கூவித்தான் இவளுக்குப் படிக்கவே வந்துச்சு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதறேன். அவளுக்குக் கேக்காம என் காதுல சொல்லுங்க.”

என்னை முறைத்தார். பிறகு குனிந்து காதில் சொன்னார். மீன் பெயர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது மல்லாட்டை, இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். புள்ளி வைத்த எழுத்தே இரண்டு. அப்படிப்பட்ட வார்த்தைகள் இருக்கிற அட்டைக்கு நாங்கள் இன்னும் போகவே இல்லை. வேறு கேட்டால் ஏமாற்றுவதாகிவிடும். பலகையில் எழுதினேன்.

“மஅஅல்ல்லாஆஆ...” நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து, “மஅஅல்ல்லாஆஆ...”

அம்மாவால் தாங்க முடியவில்லை. “இப்டி இழுத்துக்கினே இருந்தா கூடையில மீனு கெட்டுப்பூடும்டி. ஜல்தி சொல்லு!”

வகுப்பே சிரித்தது. அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், இழுக்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

“மல்லாட்டை.”

அம்மா மகளின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டார். கூடையைத் தலையில் ஏற்ற நான் ஒரு கை கொடுத்தேன்.

“நாலு மணிக்கு ஸ்கூலு வுட்டதும் வர்றேன் டீச்சர். வந்து கூட்டிக்கினு போறேன்.”

சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டியதும் கூவ ஆரம்பித்தார்.