தலைமாடு எந்தத் திசை

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை ஆறு பத்து. முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் சாலையோரமெல்லாம் செந்நீர் தேங்கி நின்றது. வானம் மூடியிருந்தது; காற்றே இல்லை. ஒரகடம் சாலையிலிருந்து வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் திரும்பி, முதல் வேகத்தடையில் எங்கள் வண்டி ஏறி இறங்கியபோது, பின்னால் படுத்திருந்த என் மனைவி கட்டிலை விட்டு ஒரு சாண் மேலே போய்க் கீழே விழுந்தாள்.

ஒரு சாண் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நான் அவளுக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே அந்தப் பக்கத்துச் சன்னலின் கீழ்ச்சட்டம் எனக்குத் தெரிந்தது. அதே நொடியில் அடுப்பு மேடையின் மூன்று இழுப்பறைகளும் தாமாகத் திறந்துகொண்டன. கரண்டிகள் பறந்தன. ஒரு தட்டு என் முழங்காலில் பட்டு உருண்டு கதவுவரை போனது.

அவள் கத்தவில்லை. கண்ணை மூடி, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஏங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. அக்காவுக்கு போன் பண்ணி நான் வரலன்னு சொல்லிடுங்க.”

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகையில் அவளுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, பயணம் என்றால் படுத்தபடிதான், அதுவும் குலுங்காமல் என்றார் மருத்துவர். கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்ததிலிருந்து வாசலைத் தாண்டியதில்லை. இருவரும் நேரில் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போனில் பேசுவார்கள். இவள் படுத்துக்கொண்டு பேசுவாள். அவர் அங்கே படுத்துக்கொண்டு பேசுவார். யாராவது ஒருவர் நகர வேண்டும் என்றால் அது இவள்தான். அந்த ஒரு பயணத்துக்காகத்தான் இந்த வண்டி.

பன்னிரண்டு வருடம் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச்சென்ற வேன் அது. பதினேழு இருக்கைகளையும் கழற்றி, முறைப்படி மாற்றிப் பதிந்து, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் தச்சரை வைத்துக் கட்டில், அடுப்பு மேடை, பீரோ, தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்னக் கழிப்பறை எல்லாம் அமைத்துக்கொண்டோம். ஆடியில் புறப்பட வேண்டாம், ஆவணி ஒன்றாம் தேதி கிளம்பலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குமுன் ஒரு வெள்ளோட்டம் பார்க்கத்தான் அன்றைக்கு வந்தோம். நான் முப்பத்தோரு வருடம் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தவன். எதையும் எண்ணாமல் வெளியே அனுப்பியதில்லை. ஆனால் ஒரு வேகத்தடை இப்படிச் செய்யும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வண்டியை ஓட்டிவந்தவர் ஒரகடத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். ஷிப்ட் வேன்கள்தான் அவர் பிழைப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாது. இறங்கிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, வூடு பூரா கலைஞ்சு கீது?”

“அவங்க எகிறி விழுந்தாங்கய்யா. நீ பாட்டுக்கு ஓட்டினு வர்ற.”

“நான் இருபதுலதான் வந்தேன். அம்மா, இன்னா, அடி பட்டுச்சா?”

அவள் இல்லையென்று கையசைத்தாள். அவர் சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு ஷாக் அப்சார்பர் நாலும் போய்விட்டது என்றார். மாற்றினோம். பதின்மூவாயிரத்து இருநூறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஏற்றாமல் நான் மட்டும் போனேன். எகிறல் கொஞ்சமும் குறையவில்லை. இப்போது அவர் தள்ளி நின்று வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார். அது தாழ்ந்திருந்தது.

“பின்னாடி உக்காந்துக்கினு கீது பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரு பிளேட் ஏத்திட்டா சரியா பூடும். எங்கிட்ட வர்ற அத்தினி வண்டிக்கும் அத்தான் செய்றேன்.”

பிளேட் என்பது வில்போல அடுக்கியிருக்கும் ஸ்பிரிங்கின் ஒரு பட்டை. பதினேழு பேர் ஏற வேண்டிய வேனில் இருபத்தாறு பேர் ஏறும் ஊர் இது. அதனால் இங்கே எந்த வேன் வந்தாலும் முதலில் பிளேட்தான் ஏறும். நாலாயிரத்து நூறு கொடுத்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்க அழகாக இருந்தது.

இந்த முறை நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு போனேன். எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் இருநூறு மில்லி தண்ணீர். ஒன்று கட்டிலின் தலைமாட்டில், ஒன்று கால்மாட்டில், இரண்டையும் பலகையோடு சேர்த்து ஒட்டினேன். மருந்து அளக்கும் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“டம்ளர்ல தண்ணி வெச்சுகினு நான் வண்டி ஓட்டினதே இல்ல,” என்றார் மெக்கானிக். “புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு போறா மாதிரி போவணும் போலக் கீது.”

அதே சாலை, அதே வேகத்தடை, அதே இருபது. நான் கூரையில் தலை இடித்துக்கொண்டேன். பிளேட் ஏற்றியபின் அது கருங்கல்லின் மேல் போவதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து அளந்தேன். கால்மாட்டு டம்ளரில் நூற்று நாற்பத்தைந்து மில்லி மிச்சம். தலைமாட்டில் நாற்பது. அளந்தது தப்போ என்று மறுபடி ஊற்றிப் பார்த்தேன். நாற்பதுதான். ஆறடி இடைவெளியில் இத்தனை வித்தியாசம் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

“அன்னிக்கே எனக்குத் தெரியும்,” என்றாள் அவள், படுக்கையிலிருந்து. “தலைப் பக்கம்தான் தூக்கிப் போட்டுச்சு. கால் பேசாம கிடந்துச்சு.”

“அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க கரண்டி எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

ஒரு பொருள் சரியில்லை என்றால் ஸ்டோர்ஸில் முதலில் எடை போடுவோம். மறுநாள் சுங்குவார்சத்திரத்தில் லாரிகள் நிற்கும் எடைமேடைக்கு வண்டியை ஓட்டிப்போக மெக்கானிக்கிடம் சொன்னேன். மொத்தம் மூவாயிரத்து நானூறு கிலோ என்று சீட்டு வந்தது. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு முறை போடச் சொன்னேன். அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாதி வண்டிக்கெல்லாம் பில்லு போடறதில்ல சார்.”

“முழு வண்டிக்கு உண்டான காசு வாங்கிக்கோய்யா. பாதியப் போடு.”

இன்னொரு நூற்றிருபது ரூபாய். முன்சக்கரங்களில் ஆயிரத்துத் தொண்ணூறு. அப்படியானால் பின்னால் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. நூறில் அறுபத்தெட்டு. வண்டியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பின்சக்கரங்களின் அச்சின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கும் பின்னால், வால்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என் மனைவியின் தலையணை.

அங்கேயே பின்கதவைத் திறந்து பார்த்தோம். பின் வலது மூலையில் அடுப்பு மேடை, அடியில் காஸ் சிலிண்டர். பின் இடது மூலையில் இரும்பு பீரோ, அதனடியில் இரண்டு பாட்டரிகள். பீரோவை ஒட்டிக் கட்டிலின் தலைமாடு. முன்பக்கம் ஓட்டுநருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மட்டும்.

“இவ்ளோ கனத்தையும் யார் பெரியவரே வால்ல கட்டினது?” என்றார் மெக்கானிக்.

தச்சர்தான். எங்கள் வீட்டு வாசல் வடக்கு. வேனும் வாசலைப் போலவே வடக்கைப் பார்த்து நின்றது. தச்சர் அதை எல்லா வீட்டையும் போல ஒரு வீடாகவே எடுத்துக்கொண்டார். அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்பு, கனமெல்லாம் கன்னி மூலையான தென்மேற்கில், ஈசான்யத்தில் தண்ணீர். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதால் தலைமாடு தெற்கே. என் மனைவி அவரை மெச்சினாள். நான் கைபேசியில் திசைகாட்டியை வைத்துப் பாகை பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்னேன். வண்டி நின்றபடி எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஓடினால் வடக்கு கிழக்காகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் சிரித்துச் சிரித்து எடைமேடைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் கடைசி சீட்டுல உக்காரவே மாட்டான். நடு சீட்டுக்கு அட்ச்சுப்பான். கடைசி சீட்டு தூக்கிப் போடும்னு இந்த ரோட்ல கீற அத்தினி பேருக்கும் தெரியும்.”

“உனக்கும் தெரியுமா?”

“தெரியாமயா?”

“அப்புறம் ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க வூடுன்னு சொன்னீங்க. வூட்ல கடைசி சீட்டு ஏது?”

நான் பின்கதவைச் சாத்தினேன். பதினேழாயிரத்து முந்நூறு ரூபாய் அதற்குள் போயிருந்தது.

வீட்டில் விவரத்தைச் சொன்னபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “கோவில்பட்டி எந்தப் பக்கம்?”

“தெற்கே.”

“அப்போ வண்டி மூஞ்சி தெக்க போனா, என் தல?”

நான் மனத்துக்குள் வண்டியைத் திருப்பினேன். கோவில்பட்டிவரைக்கும், இரண்டு நாளும், அவள் தலை வடக்கே இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் மாற்றினோம். ஏற்றிய பிளேட்டைக் கழற்ற ஆயிரத்து எண்ணூறு. அதை ஏற்றிய கைக்கே கழற்றவும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. இரும்பு பீரோவை இறக்கிவிட்டு பிளைவுட்டில் செய்து, பாட்டரிகளையும் சிலிண்டரையும் முன்னச்சை நோக்கி நகர்த்தி, கட்டிலைத் திருப்பித் தலைமாட்டுப் பலகையை வண்டியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர வேறொரு தச்சருக்குப் பதினாலாயிரத்து ஐந்நூறு. மெத்தைக்கு அடியில் கெட்டியான ஃபோம் ஆயிரத்து எண்ணூறு. இழுப்பறைகளுக்குக் கொக்கி, பாத்திரங்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு, மழையில் ஒழுகிய கூரை இடுக்கில் பூச்சு, எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து எழுநூறு. டயரில் இருபத்தாறு பேருக்கான காற்று அப்படியே இருந்தது. அதைக் குறைத்தோம், அதற்குக் காசில்லை. மூன்றாம் முறை எடைமேடை ஏறினோம். மேடைக்காரர் இம்முறை கேட்காமலே, ஒரே நூற்றிருபது ரூபாய் பில்லில், பாதிபாதியாகப் போட்டார். முன்னால் ஆயிரத்து நானூற்றிருபது, பின்னால் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.

அதே வேகத்தடை. தலைமாட்டு டம்ளரில் நூற்று எழுபத்தெட்டு மில்லி.

ஆவணி ஒன்றாம் தேதி புறப்பட்டோம். மெக்கானிக்தான் ஓட்டினார். திருச்சியில் இரவு தங்கினோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் முன்னாலிருந்து “அம்மா, வருது” என்று சொல்வார். இவள் “வரட்டும்” என்பாள். நாற்பத்தொன்று எண்ணினேன். ஒன்றிலும் மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே சன்னல் சட்டம் தெரியவில்லை.

கோவில்பட்டியில் வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தினோம். இவள் என் தோளைப் பிடித்து ஏழு அடி நடந்து, கூடத்தில் கிடந்த அக்காவின் கட்டிலில் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். அக்கா இவள் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு முதல் வார்த்தையாகக் கேட்டார்:

“ஏட்டி, வண்டியில தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுத்த?”

“தெக்கதான்க்கா. வழி பூரா தெக்க.”

“நல்லது. திரும்பிப் போகும்போது?”

இவள் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். திரும்பும்போது வண்டி வடக்கே போகும். கட்டிலைத் திருப்பியாகிவிட்டது. இந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

அக்கா விடவில்லை. பதினோரு நாள் கழித்து நாங்கள் கிளம்பும்முன், அந்த ஊர்த் தச்சர் ஒருவரை வரவழைத்து, தலைமாட்டுப் பலகையைக் கழற்றி மறுபக்கம் மாட்டவைத்து, தலையணையை வால்பக்கம் போட்டபிறகுதான் தங்கையை ஏற விட்டார். அறுநூறு ரூபாய். நான் என் டம்ளர் கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். இவள் கண்ணாலேயே அடக்கிவிட்டாள். அக்கா வாசல்வரை வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு. விழுந்தபின் அவர் அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவையாம்.

மதுரை தாண்டியதும் இவள் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

“தலகாணிய எடுத்து அந்தப் பக்கம் போடுங்க. இங்க தூக்கிப் போடுது.”

“அது வடக்கு.”

“தெரியும். அக்கா கேட்டா தெக்கன்னு சொல்லுங்க.”

பலகையைக் கழற்ற அங்கே யாரும் இல்லை. தலையணையை மட்டும் மாற்றினேன். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை அவள் அசையாமல் தூங்கினாள். வண்டியின் விலையும் முதல் தச்சரின் கூலியும் டீசலும் இதில் சேராது. குலுக்கலை நிறுத்த மட்டும், கோவில்பட்டித் தச்சரின் அறுநூறையும் சேர்த்து, எனக்கு ஆனது முப்பத்தொன்பதாயிரத்து அறுபது ரூபாய்.