மகள் ஜப்பானுக்குப் போகமுன் நான் சொன்னதும் சொல்லாததும்

கடிதம் வந்த அன்று நான் பக்கத்துத் தெருக் கல்யாணப் பெண்ணின் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். பாடசாலையிலிருந்து வந்த மகள், தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உம்மா, என்ன எடுத்திரிக்காங்க."

"எதுக்கு?"

"ஜப்பானுக்கு."

காலை எடுத்து மெஷினை நிறுத்தினேன். கடலோர மாவட்டங்களிலிருந்து பத்து மாணவர்கள், இரண்டு ஆசிரியைகள், பன்னிரண்டு நாட்கள். கடல் அழிவிலிருந்து ஊரைக் காப்பது எப்படி என்று அங்கே ஒரு கரையோர ஊரில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இவள் ஒருத்திதான். மருதமுனையில் எங்கள் குடும்பத்தில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் உண்டு, வேலைக்கென்று கட்டாருக்குப் போனவர்கள் உண்டு. படிப்பதற்கென்று, அதுவும் பதினாறு வயதில், விமானம் ஏறப்போகிறவள் இவள்தான் முதல். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

அவளுடைய வாப்பா மீன் லொறி ஓட்டுகிறவர். கொழும்புக்குப் போய் அடுத்த நாள் பகல் திரும்பி வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடி விஷயத்தைக் கேட்டார். அதற்குள் அவருடைய அக்காவுக்கு, மகளின் மாமிக்கு, செய்தி போய்விட்டது. மாமி வாசலில் நின்றே கேட்டார்.

"பொம்புளப் புள்ளயத் தனிய அனுப்பப் போறியா?"

"தனியப் போகல்ல ராத்தா. ரெண்டு டீச்சர்மாரும் ஒம்பது புள்ளகளும் கூடப் போகுதுகள்" என்றார் அவர். பிறகு மகளைப் பார்த்து, "அங்க குளிராமே. குளிருக்குச் சட்டை இரிக்கா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

அதற்குப் பிறகு புத்தி சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஜப்பானைக் கண்ணால் கண்டவர் என் அண்ணன், நானா, ஒருவர்தான். பழைய வாகனங்களைக் கழற்றும் இடமொன்றில் ஆறு வருடம் வேலை செய்தவர். இப்போது சாய்ந்தமருதில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து, மகளை முன்னால் இருத்தி, விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

"மொதல்ல மேஸ். காலுக்குப் போடுற மேஸ் ஓட்டை இல்லாமப் பாரு மகள். போற இடமெல்லாம் சப்பாத்தக் கழட்டச் சொல்லுவாங்க. எட்டு மணி எண்டா எட்டுக்குப் பத்து நிமிசம் முன்னுக்கு நிக்கணும். ரோட்டுல குப்பைத் தொட்டி கிடைக்காது, கடதாசியப் பையில வெச்சி ஊட்டுக்குக் கொண்டு வா. யாருக்கும் ஒண்டக் குடுத்தா ரெண்டு கையாலயும் குடு."

"சாப்பாடு மாமா?"

"மீனும் சோறும் இரிக்கு, பயப்படாத. ஆனா கறியில இனிப்புக்கு எண்டு ஒரு குடிவகை ஊத்துவாங்க, மணக்காது. கேட்டுத்தான் சாப்பிடணும்."

ஜப்பான் மொழி அவருக்குப் பேச வரும், எழுத வராது. அங்கே கூட வேலை செய்த கூட்டாளி ஒருவருக்குப் போனில் விளங்கப்படுத்தி, 'நான் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன், மதுவகை சேர்த்த உணவும் சாப்பிட மாட்டேன்' என்று அந்த எழுத்திலேயே எழுதி அனுப்பச் செய்தார். மகள் அதைக் கல்முனையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டாள்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். கடவுச்சீட்டை உடம்போடு வைத்துக்கொள். தொழுகை தவறினால் பிறகு தொழுது களாச் செய், பதற்றப்படாதே. உன்னைத் தங்க வைக்கும் வீட்டில் எழும்பிய படுக்கையை நீயே மடி. சொல்லிச் சொல்லித் துணியும் தைத்தேன். குதிக்காலை மறைக்கும் நீளத்தில் நான்கு அபாயா. "கொஞ்சம் கட்டையாத் தைங்க உம்மா" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். நான் கேட்கவில்லை.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு விஷயம் இருந்தது. ஒவ்வொரு மாணவரும் சுனாமி வந்த நாளில் தன் ஊரில் நடந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். மகள் அப்போது பிறந்திருக்கவில்லை. என்னிடம் கேட்டாள். பேப்பரில் இருக்கிறதே, பார்த்து எழுது என்றேன்.

"பேப்பர்ல இரிக்கிறத அவங்களும் வாசிப்பாங்க. நீங்க கண்டது என்ன?"

எழும்பி அடுப்படிக்குப் போனேன். அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும். எனக்கு ஒரு தங்கை இருந்தாள், கடல் கொண்டுபோனது என்பதற்கு மேல் என் பிள்ளைகளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. அவர்களுடைய வாப்பாவுக்கும் சொன்னதில்லை.

ஒரு பின்னேரம் நான்காவது அபாயாவின் கரையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கீழே உட்கார்ந்து நூல் எடுத்துத் தந்துகொண்டிருந்தாள். அப்போது சொன்னேன். முதல் தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவுக்கு வந்தது. நானும் தங்கையும் பெரிய ரோட்டுக்கு ஓடினோம். சற்று நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தங்கைக்குப் பதினொரு வயது. புதுச் செருப்பை வாசலில் விட்டுவிட்டேன், எடுத்து வருகிறேன் என்றாள். "போயிட்டுக் கெதியா வா" என்று நான்தான் அனுப்பினேன். இரண்டாவது அலை பனை உயரத்துக்கு வந்தது.

மகள் நூலைக் கையில் வைத்தபடி இருந்தாள்.

"இத அங்க சொல்லிராத" என்றேன்.

"நீங்க சொன்ன மத்த எல்லாத்தையும் கேப்பன். இத மட்டும் யோசிக்க விடுங்க."

ஜப்பானுக்குப் போய்ப் பத்தாம் நாள் வீடியோவில் அழைத்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. மேஸ் சரி, சாப்பாடு சரி, அட்டையைக் காட்டியதும் தங்கியிருக்கும் வீட்டு அம்மா தனியாக மீன் சுட்டுத் தருகிறார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"அபாயாதான் உம்மா, மானத்த வாங்கிட்டுது."

அங்கே ஒரு ஆரம்பப் பாடசாலையில் மணி அடித்ததும் எல்லோரும் மேட்டுக்கு ஓடிப் பழகுவார்களாம். இவளும் ஓடியிருக்கிறாள். நான் தைத்த நீளம் காலில் தட்டி, படியில் விழுந்து எழும்பி, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் பின்னால், கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சின்னப் பெட்டையொருத்தி பாதியில் நின்று இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"பேச்சு?" என்று கேட்டேன்.

"சொன்னன் உம்மா. சாச்சியப் பத்திச் சொன்னன்."

என் தங்கையை அவள் சாச்சி என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"ஒரு பொடியன் கைய ஒசத்திக் கேட்டான், ஒம்பது வயசு இரிக்கும். தண்ணி வடிஞ்ச பொறகு திரும்பிப் போகக் கூடாதெண்டு இப்ப உங்கட ஊருல புள்ளகளுக்கு யார் சொல்லிக் குடுக்கிறதாம். யாரும் இல்ல எண்டு சொன்னன்." திரையில் அவள் முகம் கிட்ட வந்தது. "நான் வந்து நம்மட ஊருல இதச் செய்வமா உம்மா?"

"ஓம்" என்றேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

வந்த மூன்றாம் நாளே அதே ஓட்டப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டாள். கரையோரத்தின் ஆறு தெருக்களும் பெரிய ரோட்டைத் தாண்டி, மேற்கேயுள்ள பாடசாலையின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். பாடசாலை அதிபர் முதலில் பரீட்சை முடியட்டும் என்றார். அவள் பரீட்சை அட்டவணையைக் கொண்டுபோய் வைத்து, பரீட்சை இல்லாத சனிக்கிழமையைக் காட்டினாள். பள்ளிவாசல் தலைவரிடம் ஒலிபெருக்கி கேட்டாள். "பாங்குக்கு மட்டும்தானே அத வெச்சிரிக்கம்" என்று தயங்கியவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "உசிரக் காக்கவும் கூப்பிடலாம்" என்றார்.

பகலில் வீடுகளில் இருப்பவர்கள் பெண்கள். அவர்கள் வந்தால்தான் பிள்ளைகளும் வருவார்கள். பாடசாலை மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் கூடினார்கள். மகள் வரைபடத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். நல்லாத்தான் பேசினாள். ஆனால் பின்வரிசையில் கதை எழும்பத் தொடங்கிவிட்டது. முன்னால் இருந்த ஒருத்தி, "இருவது வருசமா வராதது இனி எங்க வரப் போகுது" என்றாள்.

நான் எழும்பினேன். எழும்புவது என்று முடிவு செய்யவில்லை, கால் எழும்பிவிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் மகளுக்குச் சொன்னதை அந்த நூறு பேருக்கும் சொன்னேன். "நான்தான் அனுப்பினன். எனக்கு யாரும் சொல்லித் தந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டன்" என்றேன். இருபது வருசக் கதை சொன்ன பெண்தான் முதலில் எழும்பி வந்து பெயர் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை கதவுவரை நின்றது.

முதல் சனிக்கிழமை தோல்விதான். கடைசி ஆள் வந்து சேர இருபத்தாறு நிமிடம். நான்கு பேர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். ஒருத்தி கேஸ் அடுப்பை அணைக்க, ஒருத்தி போன் எடுக்க, மற்ற இருவரும் கதவைப் பூட்ட. மகள் அவர்களை ஏசவில்லை. நான்கு பேரையும் அடுத்த முறைக்குத் தெருப் பொறுப்பாளர்களாக்கினாள். நடக்க ஏலாத மூன்று பேருக்குக் கதிரையும், தூக்க ஆளும் ஒழுங்கு செய்தாள். நான் அந்த வாரம் முழுக்க மெஷினில் இருந்து, அவளுடைய நான்கு அபாயாவையும் வெட்டிக் கணுக்காலுக்கு மேலே ஏற்றித் தைத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது. நான் எங்கள் தெருவோடு ஓடினேன். பிள்ளைகள் முன்னால், கதிரைகள் நடுவில், நாங்கள் பின்னால். பெரிய ரோட்டில் மகளின் வாப்பா தன் லொறியைக் குறுக்கே நிறுத்தி வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றார். ஒரு ஹோன் சத்தம் கேட்டது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் மாடியில் மகள் கடிகாரத்தோடு தலைகளை எண்ணினாள்.

"பன்னெண்டு நிமிசம்" என்றாள். "எல்லாரும் இரிக்காங்க."

கைதட்டல் கீழ்மாடி வரைக்கும் இறங்கியது. பெரிய கூட்டம் கைதட்டினால் கட்டடமே அதிரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இறங்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. அரை மணி நேரம் போனது, பள்ளிவாசலிலிருந்து சத்தமில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் படிக்கட்டு வாசலில் இரண்டு பக்கமும் கையை நீட்டி நின்றுகொண்டேன்.

"இன்னும் சொல்லல்ல. இரிங்க" என்றேன்.

இருந்தார்கள்.