வேலிக்கு வெளியே நின்றவர்கள்

என் மகளின் மட்டைப் பையில் ஒரு படம் இருக்கும். இங்கிலாந்தின் ஆரம்பகால டென்னிஸ் சாம்பியன் ஒருத்தியின் படம். தரையைத் தொடும் பாவாடை, தலையில் தொப்பி. "இதக் கட்டிக்கிட்டே எல்லாரையும் ஜெயிச்சாங்கம்மா. அப்புறம் சின்ன வயசுலயே வெளையாட்ட விட்டுட்டாங்க" என்பாள். ஜெயிக்கிறவள் ஏன் விட வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம். அந்தப் பாவாடையோடு எப்படி ஓடினாள் என்பது எனக்கு.

மாநில அணித் தேர்வின் கடைசி ஆட்டம் மலாக்கா டவுனில் நடந்தது. தோற்றால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். வெளியே நிற்பவர்கள் ஆட்டக்காரருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது சட்டம். பெற்றவர்களுக்கு இதைவிடக் கொடுமை வேறு வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. மஸ்ஜித் தானா ஊர்க் கடைகளில் சீன முதலாளியை எதிரில் வைத்துக்கொண்டே, "துணி மட்டம் லா, வா போலாம்" என்று தமிழில் சொல்லிப் பழகியவர். நம் பேச்சு நமக்கு மட்டும்தான் புரியும் என்ற தைரியம். நடுவர் மலாய்க்காரர். இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, "முன்னால ஏறி ஆடு பாப்பா" என்றார். நடுவர் எச்சரித்தார். "சத்தம் போட்டதுக்குத்தான்" என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்டால்தானே.

இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையில் மகள் சர்வீஸ் போட நின்றாள். "அந்தப் புள்ளைக்கு எடதுபக்கம் வரல, அங்கயே போடு" என்றார், இந்த முறை மெதுவாக. நடுவர் கையைத் தூக்கினார். இரண்டாம் தடவைக்கு ஒரு புள்ளி தண்டனை. பந்தைத் தூக்கிப் போடாமலேயே என் மகள் தோற்றுப்போனாள்.

நடுவர் வேலியோரம் வந்தார். "அண்ணே, நான் நியாலாஸ் எஸ்டேட்ல தமிழாளுங்களோட வளந்தவன். நீங்க பேசுனது முழுக்க வெளங்குது. காதுல விழுந்தப்புறம் நான் என்னா செய்ய முடியும்?" என்றார் தமிழில். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. இவர் மேல் வந்த கோபமும் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

ரெம்பியாவில் எங்கள் வீட்டை நெருங்கும்போது மகள் காரின் பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தாள்.

"அப்பா, நீங்க சொல்லலன்னாலும் நான் அங்கதான் போட்டிருப்பேன்."

யாரை முதலில் தேற்றுவது என்று தெரியாமல் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.