அறிந்தவரை சாரின் கடைசி வரி

பள்ளி அலுவலகத்தில் அவருக்கு ‘அறிந்தவரை சார்’ என்று பட்டப்பெயர். பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுவது முப்பது வருடமாக அவர் வேலை. கையெழுத்து மட்டும் தலைமையாசிரியை போடுவார். யாரை எவ்வளவு புகழ்ந்தாலும் முடிக்கும் வரி ஒன்றுதான்: ‘இவை நாங்கள் அறிந்தவரை மட்டுமே.’

அதே பள்ளியின் ஆய்வகத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்த அவர் மகளுக்கு, மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. அவளுக்கும் அதே வரி.

“அத்தா, அதை மட்டும் எடுத்துடுங்க. பெத்தவரே சந்தேகப்படுற மாதிரி இருக்கு.”

“சந்தேகம் இல்லம்மா. உன் மனசுக்குள்ள நான் போய்ப் பார்த்ததில்லையே. ஒருத்தரைப் புகழ்ந்துதான் ஆகணும்னா, ‘இப்படித்தான் நினைக்கிறேன், கணக்குப் பார்க்கிறவன் அல்லாஹ்’னு சொல்லச் சொல்லியிருக்காங்க நபி.”

“மக வேலை கிடைக்காம வீட்ல உட்காரட்டும், அதையும் ‘அறிந்தவரை’ எழுதுங்க,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

நேர்காணலில் ஆய்வகத் தலைவி அந்தச் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

“‘கண்ணாடிக் குழாய் உடைந்தால் மறைக்காமல் வந்து சொல்வார்.’ எத்தனை உடைச்சீங்க?”

“ஏழு மேடம்.”

அவர் சிரித்தார். “காலையிலேர்ந்து குறையே இல்லாத நாலு பேரோட கடிதத்தைப் படிச்சிட்டேன். ஒண்ணையும் நம்ப முடியலை. தனக்கு எவ்வளவு தெரியும்னு தெரிஞ்ச ஒருத்தர் எழுதினது இது. அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

பேருந்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தாவிடம் எப்போது கொட்டுவோம் என்றிருந்தது. தெருமுனை திரும்பும்போதுதான் போன வருடத்துப் பள்ளி விழா நினைவுக்கு வந்தது. ஒரு பெற்றோர் மேடையேறி அத்தாவை வாய்நிறையப் புகழ்ந்துவிட்டார். அடுத்த ஒரு வாரம் அத்தா சான்றிதழே எழுதவில்லை; பக்கத்து மேசைத் தட்டச்சரிடம் தள்ளிவிட்டார். “பேனாவை எடுத்தா அந்த மனுஷன் முகம் முன்னாடி நிக்குது. யாருக்காக எழுதுறேன்னே தெரியலை,” என்றார்.

வாசலில் அத்தா செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“கிடைச்சிடுச்சு அத்தா.”

“அல்ஹம்துலில்லாஹ்.” ஊசி நின்றது. “அந்த வரியால உனக்குத் தொந்தரவு ஏதும்?”

தலைவி சொன்னது நுனி நாக்கில் இருந்தது. முப்பது வருடமாக ஒரு பாராட்டும் எதிர்பாராமல் அந்த வரியை எழுதிவந்த விரல்களைப் பார்த்தாள். முதன்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. அந்தக் கைக்கு முன்னால் அவள் குரல் தானாகத் தணிந்தது.

“படிச்சாங்க அத்தா. தொந்தரவு ஒண்ணும் இல்ல.”

அவர் தலையாட்டிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அவள் உள்ளே போய், கை முகம் கால் கழுவி ஒளு செய்து தொழுதாள். பிறகு கையேந்தி, ஆய்வகத் தலைவி சொன்னதை ஒரு சொல் விடாமல் இறைவனிடம் சொன்னாள்.