தெப்ராவ் தோல் கொட்டகை

இன்று பழைய தோல் பெட்டியைத் திறந்ததும் பூசணத் தூள் மூக்கில் ஏற, தெப்ராவ் ஆற்றங்கரையில் இருந்த, இப்போது இடிந்துபோன அந்தத் தோல் கொட்டகை நினைவுக்கு வந்து, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா அங்கே காய்ந்த தோல்களைக் கம்பால் தட்ட, உப்பும் மயிரும் பூசணமும் புகையாய்க் கிளம்பும், கொட்டகை முழுக்க இருமல் கேட்கும். மதியச் சோறு கொண்டுபோகும் நான் வாசலிலேயே அப்பாவின் இருமலைத் தனியே கண்டுகொள்வேன்.

ஒருநாள் அது கேட்கவில்லை. உள்ளே ஓடினேன். சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தவர், "உள்ள வராதம்மா, தூசி" என்றார்.

"தூசி நெஞ்சுல இறங்கிருச்சு. இனி அங்க போகாதீங்க" என்றார் அன்று அப்பாவைப் பார்த்து மருந்து கொடுத்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்.

மறுநாள் காலை அம்மா மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அந்த வேலைக்குப் புறப்பட்டாள். தடுக்க எழுந்த அப்பாவை இருமல் பேசவிடவில்லை.