ஆகஸ்ட் மதியத்தில் ஒரு சோலார் ஃபிரிட்ஜுக்குக் காவல் இருந்தேன்

போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அஜ்மானிலிருந்து கிளம்பி அல் அய்னுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டர் போய், ஒரு தோட்டத்தில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஏழு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். லீவு நாளில் போக வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கடைப் பக்கத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஹசீனாவுக்கு எட்டு வயது. ஐந்து வயதிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. அவளும் அவள் உம்மாவும் காயல்பட்டினத்தில். நான் துபாய் சத்வாவில் தையற்காரர்களுக்குப் பட்டன், ஜிப், நூல் விற்கும் சின்னக் கடையில். பதினொரு வருடத் தனிக்கட்டை வாழ்க்கைக்குப் பிறகு இந்த வருடம்தான் ஃபேமிலி விசா கைக்கு வந்தது. நோன்புக்கு முன்பே அவர்கள் வந்துவிட வேண்டும் என்று டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. நான் தோட்டத்துக்குப் போன அன்று அவர்கள் வருவதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

துபாய் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. அஜ்மானில் ஒரு வில்லாவின் பாதியை எடுத்தேன். இரண்டு அறை, தனி அடுப்படி, மொட்டை மாடியும் நமக்கே. ஒரே ஒரு குறை, அந்தப் பகுதிக்கு இன்னும் கரண்ட் லைன் வரவில்லை. வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார். அது கோடை மதியத்தில் சூடு தாங்காமல் நின்றுவிடும். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம். எனக்கென்றால் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடுவேன். இன்சுலினை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் வைக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் சோலார் யோசனை வந்தது. ஷார்ஜாவில் விசாரித்த கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இந்த ஊர்ல வெயிலுக்கா சார் பஞ்சம்?" என்றார். வேறு வீடுகளில் வைத்துக் கொடுத்ததை பிப்ரவரியில் எடுத்த படங்களையும் காட்டினார். நானும் மயங்கிவிட்டேன். மொட்டை மாடியில் நான்கு சோலார் பலகை, கீழே பேட்டரி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், முடிந்தது கவலை என்று வீட்டுக்கு ஃபோன் போட்டும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அது என் பிறவிக் குணம்.

என் கடைக்கு அடுத்த தையல் கடைக்காரரின் மச்சான் முருகேசன், சிவகங்கைக்காரர். அல் அய்னைத் தாண்டி ஒரு அரபியின் தோட்டத்தில் பம்பையும் ஆடுகளையும் பார்த்துக்கொள்கிறார். அங்கே லைன் கிடையாது, ஃபிரிட்ஜ் ஓடுவது சோலாரில்தான் என்று தெரிந்ததும், "நாளைக்கே வர்றேன்னு சொல்லுங்க" என்றேன்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு 5.15க்கு அஜ்மானில் ஷேர் டாக்ஸி, 15 திர்ஹம். 6.30க்கு பர் துபாயிலிருந்து அல் அய்ன் பஸ், 20 திர்ஹம். கையில் ஒரு பை. அதில் இரண்டு பாட்டில் தண்ணீர், பேரீச்சம்பழம், மருந்துக் கடை நண்பர் இரவல் கொடுத்த ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர். பஸ்ஸில் குளிர் நடுக்கியது. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன், 19. பக்கத்து சீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

8.30க்கு அல் அய்ன். அங்கிருந்து பிக்கப்தான். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 130 திர்ஹம் பேசினேன். ஓட்டுநர் பாகிஸ்தான்காரர், ஒரு பட்டாணி பாய். இந்தச் சூட்டில் அங்கே என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். சோலார் பார்க்கப் போகிறேன் என்றேன். "சூரஜ் தேக்னே?" சூரியனைப் பார்க்கவா என்று வண்டி குலுங்கச் சிரித்துவிட்டு, சூரியன் இங்கேயும்தானே இருக்கிறது, அதற்கு ஏன் அவ்வளவு தூரம் என்று கண்ணாடி வழியாக விரலை நீட்டினார். கடைசி எட்டு கிலோமீட்டர் மண் பாதை. மொபைல் சிக்னல் மாஃபி, சுத்தமாக இல்லை. ஹசீனாவுக்கு ஏதாவது ஆகி வீட்டிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று அந்த எட்டு கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டே போனேன்.

9.45க்குத் தோட்டம். முருகேசன் வாசல் கம்பி வேலியிலேயே நின்றார். "வாங்க பாய். மச்சான் சொன்னாரு. மொதல்ல மோர் குடிங்க, பொறவு பாப்போம்" என்றார். தகரக் கொட்டகையின் மேல் நான்கு பலகை. உள்ளே இரண்டு லாரி பேட்டரி, சுவரில் மின்சாரத்தை அளந்துவிடும் சின்னப் பெட்டி, அதற்குக் கீழே ஃபிரிட்ஜ். தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஆறு டிகிரி. எனக்கு முருகேசனைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"தினம் தொடைக்கணும் பாய். விடியறப்ப பலகை மேல பனி ஈரம் இருக்கும் பாருங்க, அப்பவே துணி போட்டுரணும். விட்டா மண்ணு காஞ்சு ஒட்டிக்கும். அப்பறம் தண்ணிய ஊத்தித் தேய்க்கணும், தண்ணிக்கு எங்க போறது" என்றார் முருகேசன். தினமும் விடியலில் மாடி ஏறுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெட்டியில் 10.30க்கு 14 என்று காட்டியது. பலகையிலிருந்து வரும் கரண்டின் அளவாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை கிடைக்கவில்லை. பயணத்தில் இருக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பம்ப் ரூமில் லுஹர் தொழுதேன். தொழுகையிலும் கண் ஃபிரிட்ஜ் பக்கமே போனது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். 1.45க்குப் பெட்டியில் பார்த்தால் 11. வெயில் மண்டையைப் பிளக்கிறது, எண் ஏன் இறங்குகிறது? பலகைக்கு வெளிச்சம்தான் சாப்பாடு, சூடு ஆகாது என்றார் முருகேசன். தொட்டுப் பார்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, 1.50க்கு அந்தப் பெட்டி ஒரு சத்தம் போட்டது. ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றது.

"அம்புட்டுத்தான். இனி நாலரை, அஞ்சுக்குத்தான் வரும்" என்றார் அவர், ஒன்றும் நடக்காத மாதிரி. கொட்டகைச் சூட்டில் பெட்டியும் பேட்டரியும் தாங்காதாம். ஆடி, ஆவணியில் பாதி நாள் இப்படித்தானாம்.

2.30க்கு 11 டிகிரி. 3.30க்கு 16. நான் எழுந்து எழுந்து திறந்து பார்த்ததில் இன்னும் சீக்கிரம் ஏறியிருக்கும். நாலரைக்கு 19. பஸ்ஸில் நான் பார்த்த அதே எண். உள்ளே தண்ணீர் பாட்டில்களும் ஒரு தூக்குச்சட்டியும் மட்டும் இருந்தன. ஆட்டுத் தடுப்பூசி மருந்து எங்கே என்று கேட்டேன். அதற்காகத்தான் அரபி இந்த ஃபிரிட்ஜையே வாங்கிக் கொடுத்தார் என்று தையற்காரர் சொல்லியிருந்தார்.

முருகேசன் பீடியை அணைத்துவிட்டு, "ஜூன் வந்துட்டா மருந்த இங்க வைக்கிறதில்ல பாய். டவுன்ல டாக்டர்கிட்டயே இருக்கும், ஐஸ் பெட்டியில வச்சுத் தேவைக்குக் கொண்டாறது. போன வருசம் இதுக்குள்ளதான் வச்சிருந்தேன். எல்லா ஆட்டுக்கும் ஒண்ணு விடாமப் போட்டேன். அப்பவும் நோய் வந்து பதினோரு ஆடு செத்துச்சு" என்றார்.

"மருந்து கெட்டது பார்த்தா தெரியலியா?"

"தெளிவாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் நான் தெறந்து எடுக்கறப்ப சில்லுன்னுதான் இருந்துச்சு. மத்தியானம் நடந்தத யாரு சொல்றது? ஆடு செத்தப்பறந்தான் தெரிஞ்சுது."

அஜ்மான் வீட்டை நினைத்துப் பார்த்தேன். மதியம் நான் சத்வாவில் கடையில் இருப்பேன். அவள் உம்மா அசந்து தூங்கியிருப்பாள். ஃபிரிட்ஜ் நின்று, மறுபடி ஓடி, ராத்திரி ஊசிக்கு மருந்தை எடுக்கும்போது கைக்குச் சில்லென்று இருக்கும். நாங்களும் நிம்மதியாகப் பிள்ளைக்குப் போட்டுவிடுவோம். 4.40க்கு மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தார் ரோடு வந்து சிக்னல் கிடைத்ததும் வண்டியிலிருந்தே வீட்டுக்குக் கூப்பிட்டேன். "அஜ்மான் வீடு வேணாம். சோலாரும் வேணாம். கரண்ட் நிக்காத எடத்துல ஒரே ஒரு ரூம்தான் கெடைக்கும், அடுப்படிய இன்னொரு குடும்பத்தோட பங்கு போடணும். சம்மதமா?" என்றேன். ஹசீனாவின் உம்மா சொன்னாள், "மொட்ட மாடி இருக்குன்னு புள்ள தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காளே. சரி, நான் சொல்லிக்கிறேன். நீங்க மொதல்ல எதையாச்சும் சாப்பிடுங்க." அழுகை வந்தது. பட்டாணி பாய் பார்க்காத மாதிரி ஓட்டினார்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். விளக்கு, ஃபேன், மொபைல் சார்ஜ் என்றால் லைன் இல்லாத இடத்தில் சோலார் நல்ல ஏற்பாடுதான். முருகேசனின் கொட்டகையில் குளிர்காலம் முழுக்க ஒரு தடங்கலும் இல்லையாம். ஏசியை அதில் ஓட்ட ஆசைப்படாதீர்கள். வாங்குவதற்கு முன் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள், ஆகஸ்டில், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். பலகையைவிட பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தகரக் கொட்டகை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தினமும் விடியலில் துடைக்க வீட்டில் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். குவைத் மங்காஃபிலிருந்து ஒரு வாசகர் ஃபிளாட் பால்கனியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். லைன் கரண்ட் நிற்காமல் வருகிறதென்றால் அந்தத் தொல்லை உங்களுக்கு எதற்கு, பாய்? மருந்து வைக்கும் எந்த ஃபிரிட்ஜாக இருந்தாலும், அன்றைக்கு எவ்வளவு வரை ஏறியது என்பதைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். நான் இரவல் வாங்கிப் போனதில் அந்த வசதி இல்லை, அதனால்தான் ஏழு மணி நேரம் உட்கார்ந்தேன். செலவு போக வர மொத்தம் 200 திர்ஹம், தூரம் 420 கிலோமீட்டர் இருக்கும்.

அவர்கள் அதே டிக்கெட்டில் வந்தார்கள். இப்போது அல் குசைஸில் ஒரே அறையில் மூன்று பேர். மொட்டை மாடிக்குப் பூட்டு. அதற்காக ஹசீனா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. புது தெர்மாமீட்டரை அவள் பொறுப்பில் விட்டேன். காலையில் ஊசிக்கு முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்து, நேற்று ஏறிய அதிக அளவைப் படித்துச் சத்தமாகச் சொல்வாள். "ஆறு, வாப்பா." அது காதில் விழாமல் நான் செருப்பைப் போடுவதில்லை.